போறேனுக்கு மேல் வாரேன்

மேலூருக்குக் கிளம்பிய ரோஷன், “போறேன்” என்று சொல்லி பைக்கை எடுத்தான்.

“வாரேன்னு சொல்லிட்டுப் போங்க!” என்று மனைவி சுஃபியா கத்தினாள். அவன் திரும்பவில்லை.

அதே எரிச்சலோடு வேலைக்கு உட்கார்ந்தாள். டெலிபிரிண்டர் அச்சு இயந்திரக் காலத்துக் கோப்புகளில் ஒரு சொல்லின் மேலேயே இன்னொன்றை அடித்திருப்பார்கள். கணினியில் உள்ள ஒரு யுனிக்ஸ் கருவி அவற்றில் கடைசியாக அடித்ததை மட்டும் திரையில் காட்டும். அதற்கு விளக்கம் எழுதுவதுதான் அவள் வேலை.

சோதனைக்காக ‘போறேன்’ மேல் ‘வாரேன்’ அடித்தாள். திரையில் ‘போறேன்’ என்றே வந்தது. மற்ற சொற்களெல்லாம் ஒழுங்காக மாறின. இது மட்டும் எத்தனை முறை ஓட்டினாலும் மாறவில்லை.

“மாறித் தொலையேன்!”

பொறுக்காமல் ரோஷனுக்குப் போன் போட்டாள். வேறு யாரோ எடுத்தார்.

“பைக்கு லாரிக்கு அடியில நொறுங்கிருச்சும்மா. இவருக்கு நீங்க என்ன வேணும்?”

திரையில் ‘வாரேன்’ என்று மாறியது.

வாசலில் ரோஷனின் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.