முட்டைக் கதவு

ஐந்து மணி நேரமாக அப்பா கோழிக்கூண்டு கட்டுகிறார். லேத் பட்டறைப் பழக்கம், கம்பிவலையைக்கூட வெர்னியர் வைத்து அளக்கிறார். கொல்லைச் சுவரில் வெயில் ஏறிவிட்டது. கவிழ்த்த கூடைக்குள் மூன்று கோழிகளும் கத்தி ஓய்ந்துவிட்டன. வீட்டில் நாங்கள் இருவர்தான். நான்கு நாளாகச் சொல்லாததை இன்றாவது அவரிடம் சொல்ல வேண்டும். “கையை நீட்டு அம்மணி” என்கிறார். முட்டை எடுக்கும் கதவுக்கு என் முழங்கையை அளக்கிறார். “எனக்கு இடுப்பு வளையாது. நீதான் குனிஞ்சு எடுக்கோணும். ஒரு நூல் பிசகுனாலும் வளையல் மாட்டிக்கும்.” கூண்டின் முன்பக்கத் தகரத்தில், தரையை ஒட்டி ஆணியால் கோடு கிழிக்கிறார். வெட்டுவதற்குக் கத்தரியை எடுக்கிறார்.

“கதவை மேல வெச்சிருங்கப்பா, நீங்க குனியாம எடுக்கற உயரத்துல. எனக்கு ஓசூர்ல வேலை கிடைச்சிருச்சுங்க.”