தெருமுனை வரைக்கும்

ஒரு சின்ன ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு ரவுட்டர் இருந்தது. இன்டர்நெட்டுக்கு அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, தெருவிலிருந்து வரும் கேபிள். இன்னொன்று, கேபிள் போய்விட்டால் வேலைக்கு வரவேண்டிய, சிம் கார்டு போட்ட டாங்கிள். டாங்கிளை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

"இருக்கியா?" என்று ரவுட்டர் அடிக்கடி கேபிளைக் கேட்கும்.

"இருக்கேன்" என்று கேபிள் சொல்லும்.

அன்று மத்தியானம் ஊருக்கு வெளியே சாலையைத் தோண்டினார்கள். நெஞ்சுவலியோடு வந்தவரின் ஈசிஜியை நகரத்து டாக்டருக்கு அனுப்ப நர்ஸ் செலின் திரும்பத் திரும்ப முயன்றாள். போகவில்லை.

"என்னை வேலைக்கு விடுங்கண்ணே, எனக்கு டவர் நல்லா கிடைக்குது" என்றது டாங்கிள்.

ரவுட்டர் கேபிளிடம் கேட்டது. "இருக்கியா?"

"இருக்கேன்."

"இருக்கிறவனைத் தள்ளிட்டு உன்னை எப்படி விடுறது?" என்றது ரவுட்டர் டாங்கிளிடம்.

டாங்கிள் கேபிளிடம் கெஞ்சியது. "உண்மையைச் சொல்லிடேன்."

"நான் பொய் சொல்லலியே. தெருமுனைப் பெட்டி வரைக்கும் இருக்கேன். அதுக்கு அந்தப் பக்கம் ரோடு தோண்டினதுல அறுந்துபோச்சு, ஒண்ணுமே இல்ல. அதை ரவுட்டரண்ணன் கேட்டதே இல்ல."

"எனக்கு வேற கேள்வி தெரியாதுப்பா" என்றது ரவுட்டர். "என்னைச் சுவத்துல மாட்டினவர் இந்த ஒண்ணைத்தான் சொல்லிக்கொடுத்தார்."

செலின் ரவுட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

"லைட்டெல்லாம் பச்சையாத்தான் இருக்கும்மா" என்றாள், நோயாளியின் மனைவியிடம்.

அந்த அம்மா கட்டிலைப் பார்த்தபடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருக்கியா?" என்று கேட்டது ரவுட்டர்.

"இருக்கேன்."