நிறம் சொல்லும் கட்டம்

‘உங்களிடம் சந்தா இல்லை’ என்றது திரை.

முருகவேல் மூன்றாவது முறையாக அதைப் படித்தார். சந்தா இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் தன் கார்டில் தானே கட்டியது. வருடா வருடம் அதுவாகவே எடுத்துக்கொள்ளும். நேற்றுக்கூட நன்றாக வேலை செய்தது.

பிரவுசரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன எக்ஸ்டென்ஷன் அது. படத்தில் எந்த இடத்தில் அம்பை வைத்தாலும் அந்த நிறத்தின் பெயர் ஒரு கட்டத்துக்குள் எழும்பி வரும். பாசிப்பச்சை. செங்கல். ஊதா. குளத்தில் மீன் வாய் காட்டுவதுபோல் மெல்ல வந்து மெல்ல மறையும்.

முருகவேலுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகப் பதினோரு வருடமாகக் காலம் தள்ளுகிறார். ஊரே சாயத்தை நம்பிப் பிழைக்கிற இடத்தில் இது கொஞ்சநஞ்சத் துணிச்சல் இல்லை. இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. மனைவி சித்ராதேவியிடம்கூட.

மேசையில் போன் அடித்தது. சாயப்பட்டறை மாஸ்டர் செல்வக்குமார்.

“உடம்புத் துணி எதுங்க, பச்சையா மரூனா? மெஷின் நிக்குதுங்க.”

“பத்து நிமிஷத்துல சொல்லிப்போடறேனுங்க.”

திரையில் ஒரு குழந்தைச் சட்டை. உடம்பு ஒரு நிறம், காலர் ஒரு நிறம்; ஒன்று பச்சை, இன்னொன்று மரூன் என்கிற கருஞ்சிவப்பு. நிற எண் பின்னால் வரும், இப்போதைக்குப் படத்தைப் பார்த்து ஆரம்பியுங்கள் என்று எழுதியிருந்தார்கள் வெளிநாட்டுக்காரர்கள். முருகவேல் பார்த்தார். உடம்பும் காலரும் சேர்ந்து மழைக்கு முந்தின சாயங்காலம் மாதிரி மங்கிக் கிடந்தன. அறுநூறு கிலோ துணி. மாற்றிச் சொன்னால் வேலை போய்விடும்.

பக்கத்து மேசை மைதிலியைக் கேட்டால் ஒரே நொடி. ‘நீங்க என்ன நெனைக்கறீங்க மைதிலி?’ என்று அவள் வாயிலிருந்தே வரவழைக்கும் வித்தை போன வாரமே இரண்டு முறை ஆயிற்று. மூன்றாவது முறை அவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

எக்ஸ்டென்ஷன்காரர்களின் உதவிப் பெட்டியில் முறையிட்டுவிட்டுக் காத்திருந்தார்.

ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்தது. எதற்கும் அவசரம் இல்லாததுபோல் மேலே போயிற்று, கீழே வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் மனம் எங்கேயோ நழுவிப் போனது.

சித்ராவைப் பெண் பார்க்கப் போன நாள். இப்படித்தான் ஒரு வெயில். எல்லோரும் ஏதாவது பேசச் சொல்லி நச்சரிக்க, அன்று அவர் சொன்னது ஒரே வாக்கியம். பச்சைச் சேலை உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது. அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் கல்யாணமே முடிந்தது என்பது அவருடைய எண்ணம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கல்யாணமாகி வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுடைய பழக்கம் தெரிந்தது. எதையும் நிறம் சேர்க்காமல் சொல்லவே மாட்டாள். இடது ஓரத்துப் பச்சை மூடி டப்பாவில் மிளகு, வலது ஓரத்துச் சிவப்பு மூடியில் சீரகம். இந்தக் கிளிப்பச்சைச் சேலை நல்லாருக்குதுங்களா. சிவப்பாகப் பழுத்த தக்காளி இடது கூடையில். பேச்சு கொஞ்சம் நீளம்தான், ஆனால் கேட்கச் சுகமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

பதில் வந்து விழுந்தது.

‘உங்கள் முகவரியிலிருந்த சந்தா, கார்டு செல்லாததால் போன நவம்பரில் முடிந்தது. அதன்பின் இந்தக் கணினியில் ஓடியது வேறொரு முகவரியின் சந்தா. அந்த முகவரியில் உள்ளே நுழையவும்.’

நேற்று சாயங்காலம் கம்ப்யூட்டர்காரர் மடிக்கணினியைச் சுத்தம் செய்து எல்லாவற்றையும் வெளியேற்றியிருந்தார். முருகவேல் தன் முகவரியில்தான் திரும்ப உள்ளே போனார். வேறு முகவரி ஏது?

கீழே கொடுத்திருந்தார்கள். முதல் மூன்று எழுத்து, பிறகு வரிசையாக நட்சத்திரங்கள். சித்ராவின் முகவரி என்று தெரிய அந்த மூன்று எழுத்தே போதுமாயிருந்தது.

நவம்பர். கரண்ட் பில் கட்ட வேண்டும் என்று ஒரு சாயங்காலம் அவள் மடிக்கணினியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பில் கட்டியாயிற்று என்று மட்டும் சொல்லித் திருப்பித் தந்தாள்.

முருகவேல் எழுந்தார். வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

“சித்ரா, உன்ற மெயில் பாஸ்வேர்டு வேணும்.”

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகச் சொன்னாள். அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே வந்து தட்டினார். சட்டையின் உடம்பின் மேல் அம்பை வைத்தார்.

கட்டம் எழும்பியது. பச்சை.

“பேரு வருதுங்களா?” என்றாள்.

 மைதிலிக்குக் கேட்காமல் மெல்லக் கேட்டார்.

“எப்போ இருந்து தெரியும்?”

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டு அடங்கியது.

“பொண்ணு பாக்க வந்தீங்கல்லங்க. அன்னிக்கு நான் கட்டியிருந்தது மரூன் சேலைங்க.”