ஏழாவது கொடி

அமெரிக்க மாநிலம் ஒன்றின் சட்டமன்றமான கேபிட்டல் மாளிகையின் பச்சைக் குவிமாடத்துக்குக் கீழே, கூரையில் நின்று ஊழியர் ஒருவர் கொடி ஏற்றுகிறார். ஒரு நிமிடம் பறந்ததும் இறக்கி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்ததை ஏற்றுகிறார். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் நினைவாகப் பறந்து, அவர் வீட்டுக்குப் போகப்போகிறது. கீழே புல்வெளியில், உள்நாட்டுப் போர்ச் சிப்பாயின் வெண்கலச் சிலை நிழலில், வெர்னாவும் அவர் கணவர் ஆர்விலும் அண்ணாந்து நிற்கிறார்கள். வெளிநாட்டுப் போரில் இறந்த மகன் டாரிலின் பெயரில் இன்று ஒரு கொடி பறக்கும் என்று கடிதம் வந்திருக்கிறது. எத்தனையாவது என்று அதில் இல்லை. அதனால் ஆர்வில், கோதுமைத் தூசி படிந்த தொப்பியை ஒவ்வொரு கொடிக்கும் கழற்றுகிறார். பக்கத்தில், போரில் இறந்தோர் நினைவுச் சுவரில் மகன் பெயரைத் தடவிய வெர்னாவின் விரல் நுனியில் கருங்கல்லின் சூடு இன்னும் இருக்கிறது.

"இதுவா இருக்குமோ?" வெர்னா கேட்கிறார்.

"யாருக்குத் தெரியும்? பேசாம நில்லு."

ஏழாவது கொடி காற்றில் சுழன்று கம்பத்தைச் சுற்றிக்கொள்கிறது. ஊழியர் கயிற்றை இழுக்கிறார், உதறுகிறார். அது அசையவில்லை.

"ஆர்வில், அதுதான் நம்ம பய! வால்நட் மரத்துல ஏறிட்டா, கூப்பிட்ட உடனே என்னைக்கு எறங்கியிருக்கான்?"

ஆர்வில் சிரித்துவிடுகிறார். சிரிப்பு பாதியில் நின்று, தொப்பி முகத்துக்குப் போகிறது. கயிற்றுக் கொக்கி கம்பத்தில் டிங் டிங் என்று மோதுகிறது. கொடி மெல்ல அவிழ்ந்து இறங்கத் தொடங்குகிறது. மரத்தடியில் நின்று "எறங்குடா" என்று தொண்டை வறளக் கத்திய அதே வெர்னா இப்போது முணுமுணுக்கிறார்:

"இருடா. இப்ப என்ன அவசரம்?"