டின்பால் குடித்த பூனை

"டின்பாலை யாரு முடிச்ச?"

றலியா டின்னைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. கலகெதரயிலிருந்து கண்டிவரை பஸ்ஸில் நின்றே வந்த கால்வலி. தம்பி வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கலாமென்று குசினிக்குள் வந்தால் இந்த லட்சணம்!

மேசைக்கு அடியில் தம்பி மகள் ஷஹ்மா. ஐந்து வயது. மூக்கு, கன்னம், கை எல்லாம் பால்.

"நீயா குடிச்ச?"

ஷஹ்மா டின்னைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். மெதுவாகக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"பூன."

அந்த வீட்டில் பூனையே கிடையாது.

றலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவள். எதை மன்னித்தாலும் பொய்யை மட்டும் மன்னிக்கமாட்டாள். ஏற்கெனவே பேச்சு வராத பிள்ளை, ஜனவரியில் ஸ்கூலில் எடுப்பார்களோ தெரியாது. வாயில் நாலு சொல் வந்ததும் பொய்யா?

"ஆஸிகா! மகள்ட கதைய வந்து கேளு!"

உடுப்புக் கழுவிக்கொண்டிருந்த ஆஸிகா ஈரக் கையோடு வந்தாள். முகத்தில் உயிரே இல்லை, அப்படி ஓர் அலுப்பு.

"யாரு மகள் குடிச்ச?"

"பூன."

ஆஸிகா அப்படியே தரையில் குந்திவிட்டாள். பிள்ளையை இழுத்து முத்தமிட்டாள், சிரித்தாள், பிறகு விம்மி அழுதாள். எழுந்து தேங்காயைக் கையில் எடுத்தாள்.

"வட்டிலப்பம் அவிக்கப் போறேன் மதினி. பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுக்கணும்."

"உனக்கென்ன விசரா? பொய் சொன்னதுக்கு வட்டிலப்பமா? நாளைக்குக் களவெடுத்தா பிரியாணி போடுவியா?"

"மூணு வருஷமா கிளினிக் கிளினிக்கா அலையிறேன் மதினி. பசிச்சாலும் கேக்கமாட்டா, வயித்துவலி வந்தாலும் சொல்லமாட்டா. தனக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும் எண்டு நெனச்சிட்டிருக்கிறா எண்டு டொக்டர் சொன்ன. 'உங்களுக்குத் தெரியாத ஒண்டு தனக்குத் தெரியும் எண்டு விளங்கின அண்டைக்குத்தான் வாய் திறந்து சொல்லுவா. அது எப்ப எண்டு என்னால சொல்லேலா' எண்டும் சொன்ன."

ஆஸிகா தேங்காயைக் கீழே வைத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"இண்டைக்கு அவளுக்கு விளங்கிட்டுது மதினி. நமக்குத் தெரியாது எண்டு நெனச்சித்தானே பூன எண்டு சொன்ன."

றலியா கையிலிருந்த டின்னை மேசைமேல் வைத்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். கடையிலிருந்து வந்த தம்பி இப்திகார் நேரே குசினிக்குள் நுழைந்து டின்னைத் தூக்கிப் பார்த்தான்.

"காலையில உடைச்ச டின் தானே? யாரு முடிச்ச?"

ஷஹ்மா ஓடிப்போய் மாமியின் பின்னால் நின்றாள். றலியா முந்தானையால் பிள்ளையின் கன்னத்தை, மூக்கை, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.

"பூனதான் தம்பி," என்றாள். "நானும் கண்ட."