கண்ணை மூடிக்கொண்டவள்

ஆர்ஹுஸ் நகரில், எதிர்வீட்டு ஜன்னலுக்குத் திரை இல்லாதது டாக்மாருக்கு வசதி. அவளைப்போலவே அங்கிருக்கும் போவுலுக்கும் அவர் மனைவி ஈங்கருக்கும் காது கேட்காது. அவர்கள் சண்டையை இங்கிருந்தே கைகளில் படித்துவிடலாம்.

“இங்க வாங்களேன்,” என்று கணவனைச் சைகையில் அழைத்தாள். “ஈங்கர் கண்ணை மூடிக்கிட்டா.”

“போச்சு. அப்புறம் போவுல் என்ன சொன்னாலும் சுவத்துக்குத்தான். என்ன சொல்றார்?”

“தப்பு என்மேலதான், உன் தங்கச்சியை நான் விரட்டியிருக்கக் கூடாதுங்கிறார். கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் மன்னிப்பு.”

“அவ பாக்கலையே.”

“கெஞ்சட்டும். நல்லா வேணும்.”

போவுல் மண்டியிட்டு அவள் தோளைத் தட்டினார். தலை சரிந்தது. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார், வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

பிறகு அவளுடைய துவண்ட கையைப் பிடித்து, ‘மன்னிச்சுட்டேன்’ என்று அவரே அசைத்தார்.