பீடத்துக்கு அடியில்

ஸென்கோஜி கோயிலில் மூலவர் பீடத்துக்கு அடியில் ஓடும் சுரங்கத்தில், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. வலது கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் தடவிக்கொண்டே போனால் தொட்டவருக்கு மோட்சம் என்று நம்பப்படும் சொர்க்கத்தின் இரும்புச் சாவி தட்டுப்படும். மிசாவோ அப்படித்தான் அடிமேல் அடி வைக்கிறாள். முன்னால், அவர்கள் நடத்தும் பனிச்சறுக்கு விடுதியின் விருந்தாளிகள் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். காலையில் அந்த எட்டுப் பேரையும் மலையிலிருந்து வேன் ஓட்டி இறக்கி வந்த கணவன் கியோஹரு, அவளுடைய இடது கையைப் பிடித்தபடி, தடுமாறாமல் நடக்கிறான். “பயமா இல்லையாங்க உங்களுக்கு?” “பழகிடுச்சு,” என்கிறான், வானிலை சொல்வதுபோல. “போன குளிர்காலத்துலேர்ந்து பொழுது சாஞ்சா எனக்கு எல்லாமே இப்படித்தான்.” அவள் கால்விரல்கள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. “டாக்டர்கிட்ட சொன்னீங்களா?” “சொன்னா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க, மிசாவோ.” முன்னால் இரும்பு கணகணக்கிறது, யாரோ சாவியைத் தொட்டுவிட்டார்கள். வெளியே மணி மூன்றாகியிருக்கும். நாலரைக்கு இருட்டிவிடும். மலையேறப் பதினேழு வளைவுகள், ஓரமெல்லாம் பனி. மிசாவோ வலது கையைச் சுவரிலிருந்து எடுக்கிறாள். திசை தப்பிப்போன அந்த இருட்டில் அவனுடைய கோட்டுப் பையைத் துழாவி, வேன் சாவியை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். அவள் கைமேல் அவன் கை வந்து விழுகிறது. தடுக்கவில்லை. சாவியை அவள் விரல்களுக்குள்ளேயே மூடி அழுத்துகிறது.